அப்பா தொலைத்த கோபுரம்

"தாடைய அசைக்காதீங்கப்பா" என்றேன்.

"அசைக்கல்லியே" என்றார். சொன்னபோதே அசைந்தது.

எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில், ஜன்னல்களைப் போர்வையால் மூடி ஒரு மூலையை இருட்டாக்கி, அங்கேதான் கண் பரிசோதனை முகாமின் கேமராவை வைத்திருந்தோம். தாடையை வைக்க ஒரு சின்னத் தட்டு. நெற்றியை ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை. அப்பாவின் சட்டையிலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அன்று அவர் கடலுக்குப் போகவில்லை, சட்டையும் துவைத்ததுதான். ஆனாலும் அந்த வாசனை அவரை விட்டுப் போவதில்லை.

"உள்ள பச்சையா ஒரு புள்ளி தெரியுதா? அதையே பாருங்க. கண்ணச் சிமிட்டாதீங்க."

பொத்தானை அழுத்தினேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம். படம் திரையில் வந்து விழுந்தது.

கண்ணைப் படம் எடுப்பது என் வேலை. அருமனை, மயிலாடி என்று ஊர் ஊராக வண்டியில் போய் எத்தனையோ பேருடைய கண்ணுக்குள் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று திரையில் இருந்தது என் அப்பாவின் கண். நான் பிறந்த அன்று என்னைப் பார்த்த கண். அதன் உட்புறம் செவ்விளநீர்க் காயின் நிறத்தில் இருந்தது. ஒரு பக்கமாக வெளிர் மஞ்சளில் ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து சிவந்த ரத்தக் குழாய்கள் மேலும் கீழும் பிரிந்து, பிரிந்தவை மறுபடி பிரிந்து, அலை வாங்கும்போது மணலில் விட்டுப்போகும் கோடுகளைப் போல ஓடிக் கரைந்தன.

வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பார் எங்கே இருக்கிறது

அப்பா அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் கடலுக்குள் போக வேண்டும்.

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை நாங்கள் 'பார்' என்போம். மீன் அங்கேதான் அடையும். மேலே இருந்து பார்த்தால் பார் தெரியாது. எல்லா இடத்திலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கரையைப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். கரையில் உயரமாக ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொன்று. கடலிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே நேரில் வர வேண்டும். வேறொரு பக்கம் அதேபோல இன்னொரு ஜோடி. இரண்டும் ஒருசேர நேராகும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் அடியில் பார். இதற்குக் கணியம் என்று பெயர்.

எங்கள் ஊரில் எல்லாருடைய கணியத்திலும் கோயில் கோபுரம் உண்டு. அது ரகசியம் இல்லை. கோபுரத்துக்குப் பின்னால் எது, இன்னொரு ஜோடி எது என்பதுதான் ரகசியம். அப்பாவின் பாருக்கு உரிய கணியம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கிளீட்டஸ் மாமா, அம்மாவின் தம்பி, பல வருஷமாக அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிறார். அவருக்கும் தெரியாது. பார் நெருங்கும்போது அப்பா, "ஏலே கிளீட்டசு, வள்ளத்துல தண்ணி கெடக்கு, கோரு" என்பார். மாமா குனிந்து தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றுவார். நிமிரும்போது தூண்டில் இறங்கியிருக்கும்.

இப்போது எல்லாரும் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் படகு வேலையில் இருக்கும் என் அண்ணனும் ஒன்று வாங்கி அனுப்பினான். அப்பா அதை அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பொட்டியில போட்டா, பொட்டிய எடுத்தவனுக்கெல்லாம் எனக்க பார்" என்பார்.

கோயிலுக்கு அடித்த வண்ணம்

அந்த அப்பா பாரைத் தவறவிடத் தொடங்கினார்.

முதலில் நீரோட்டத்தைக் குறை சொன்னார். பிறகு மாமாவை. நங்கூரம் பாறையில் பிடிக்காமல் சேற்றில் இறங்கியது. தூண்டில் இறங்கியபடியே வெறுமையாக ஏறி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். வெள்ளையாக இருந்த கோபுரம் சந்தன நிறமானது. அப்பாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு நேராகப் போனார். நான் பின்னால் போனேன்.

"கோயிலு கரையில நிக்கியவனுக்கு மட்டும் இல்ல. கடல்ல இருந்து பாக்கியவனுக்கும் கோயிலுதான். சந்தனக் கலரு வெயில்ல தெரியாது. மறுபடியும் வெள்ள அடிக்கணும்."

பேரவைத் தலைவரும் கடலுக்குப் போகிறவர்தான். "எனக்குத் தெரியுதே சூசை. காலையில குருசு வரைக்கும் தெரிஞ்சுது" என்றார்.

"உனக்குத் தெரியும். நீ கிட்டக்க கெடந்து சாள மீனு புடிக்கியவன்."

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "கோபுரம் நடந்து போயிருக்கும் மக்கா, மெள்ளத் தேடு" என்றார். பங்குத் தந்தையும் சிரிப்பை அடக்கத் தும்முவதுபோல் பாவனை செய்தார். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கரையில், அவ்வளவு பக்கத்தில், அது நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

மாமா சொன்ன குறை

அடுத்த நாள் மாமா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். பார் கிடைக்காததைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

"அத்தானுக்க கேன் தீந்து எனக்க கேனையும் குடிச்சிருதாரு. கடல்ல இருந்துக்கிட்டு தண்ணியில்லாம நாக்க நீட்டிக்கிட்டு வாறேன் அக்கா."

அப்பா உள்ளேயிருந்து, "வெயிலு அப்படி" என்றார்.

"வெயிலு உமக்கு மட்டுமா அடிக்கு?" என்ற மாமா குரலைத் தாழ்த்தினார். "அத்தான், கோபம் வேண்டாம். எனக்குக் கோபுரம் தெரியுது. அதுக்குப் பின்னால எதுன்னு மட்டும் சொல்லும். நான் பாத்துச் சொல்லுதேன். உமக்கும் பார், எனக்கும் பார்."

அப்பா வெளியே வந்து நின்றார்.

"அதச் சொல்லியதுக்குப் பதிலா எனக்க கண்ண நோண்டிக் குடுத்திருவேன்."

நான் அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தாகம், தூரத்தில் மங்கல். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது செருப்பு மாட்டிய கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கோபுரம் ஊரில் ஒருவருக்கு மட்டும் மங்காது.

"நோண்ட வேண்டாம்பா" என்றேன். "படம் எடுத்தா போதும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பாவின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்ட நாளில் எனக்கு வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை. இறக்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் அப்பா என் சொல்லுக்காக முகாமுக்கு வரவில்லை. கணியத்தை வெளியே சொல்வதைவிடக் கண்ணைக் காட்டுவது மேல் என்று வந்தார். அதற்குமேல் தள்ளிப்போட்டால் அந்த இடம் மாமாவுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் அவரோடு சேர்ந்து தொலைந்துவிடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

துடுப்பும் சீனியும்

முகாமில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அப்பாவுக்கு வந்த எண்ணை இங்கே எழுதினால் அவர் வருத்தப்படுவார். அதிகம் என்று மட்டும் சொல்கிறேன்.

"மிசினு கேடு" என்றார் அப்பா. "இவனுக்குக் குத்துங்க பாப்போம்."

மாமாவுக்குக் குத்தினார்கள். மாமாவுக்குச் சரியாக இருந்தது.

"அதெப்படி? ரெண்டுபேரும் ஒரே சாயா குடிக்கோம், ஒரே சோறு திங்கோம். இவனுக்கு ஏன் இல்ல?"

"குடுத்து வச்சவன்" என்றார் மாமா. முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா அவரையும் விடவில்லை. "உங்களுக்கும் வருஷம் ஒருதடவ பாக்கணும். இன்னைக்கு இல்லன்னா என்னைக்கும் இல்லன்னு அர்த்தம் இல்ல." பிறகு அப்பாவிடம், "இது நேத்து வந்தது இல்ல ஐயா. பல வருஷமா மெள்ள வந்துக்கிட்டு இருந்திருக்கும்" என்றார்.

"சொல்லாமலா?"

"சொல்லாமத்தான்."

கடல் வேலை செய்கிறவனுக்குச் சுகர் வராது என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. அது நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் நோய். அப்பா அதைத்தான் சொன்னார்: "எனக்க அப்பன் சாயாவுல இதவிடச் சீனி போட்டுக் குடிச்சான். ஒண்ணும் வரல்ல."

"அவரு துடுப்பு போட்டாருப்பா" என்றேன்.

அப்பாவின் அப்பன் கட்டுமரத்தில் போனவர். விடியுமுன் துடுப்பு வலித்துப் போய், வெயிலேறியபின் துடுப்பு வலித்துத் திரும்பியவர். பிறகு வள்ளம் வந்தது, இஞ்சின் வந்தது. கை ஓய்வெடுத்தது. ஆனால் டம்ளரில் விழுந்த சீனி மட்டும் துடுப்புக் காலத்து அளவிலேயே விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாயா போடும் நானும் கவனித்ததில்லை.

திரையில் சில புள்ளிகள்

மறுபடியும் அந்த இருட்டு மூலைக்கு வருகிறேன்.

உடம்பை வெட்டாமல் கிழிக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உட்புறம்தான். இதைப் படித்த அன்றைக்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் வெளியே தெரியாமல் செய்கிற வேலையின் சாயல் இங்கே தெரியும். மயிலாடியில் ஒரு சிற்பி தன் கண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சிலைக்குக் கடைசியாகக் கண் திறக்கிறவர் அவர். "நான் இதுவரைக்கும் மேலாப்புலதான் கொத்தியிருக்கேன்" என்றார்.

அப்பாவும் அப்படித்தான் திரையைப் பார்த்தார். கண்ணில் விட்ட மருந்து கூசியதால் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கடலில் தூரம் பார்க்கிற அதே நிலையில்.

"இது எனக்க கண்ணா?"

"உங்க கண்ணுதான்."

"இவ்வளவும் உள்ள கெடக்கா?"

நான் திரையில் ஓரிடத்தைப் பெரிதாக்கினேன். சிவந்த கிளைகளுக்கு நடுவே ஊசி குத்தியதுபோலச் சில சிவப்புப் புள்ளிகள். மெல்லிய குழாயின் சுவர் சர்க்கரையால் பலவீனப்பட்டுப் புடைத்த இடங்கள்.

"இது என்னது? பாரா?"

"பார் மாதிரிதான். மேலேருந்து தெரியாது."

"இதனாலயா கோபுரம் தெரியல்ல?"

"இல்லப்பா. மங்கல் வேற. சுகர் ஏறினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்சு நீர் கோத்து உப்பும். அதான் தூரம் மங்குது. சுகர் எறங்கினா பெரும்பாலும் சரியாவும். இந்தப் புள்ளியால இப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா விட்டா கூடும். கூடினா போன பார்வ திரும்பாது."

"விடலன்னா?"

"இப்படியே நிக்கும். சிலது மறஞ்சும் போவும்."

அப்பா அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபுரம் மங்கியது அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தது. மங்காமல் இருந்திருந்தால் இந்தப் புள்ளிகள் சத்தமில்லாமல் பெருகியிருக்கும். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். கண்ணாடி எழுதவில்லை, சர்க்கரை இறங்கினால் இன்று எழுதிய கண்ணாடி பொருந்தாது.

மதினி குடித்த சீனித் தண்ணீர்

அதே வாரம் என் மதினி ஷைனியை, அண்ணன் மனைவியை, நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, காத்திருக்கச் சொல்லி, பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

"எனக்க கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு சீனி தரல்ல" என்று முகத்தைச் சுளித்தாள்.

அவளுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கர்ப்ப காலத்தில் வருவது. உணவிலும் நடையிலும் இப்போதைக்குக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டாலும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பது அவளுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. இப்போது அவள் சாப்பிடுவது, பிள்ளை வளர்ந்து நடுவயதுக்கு வரும்போது அதன் உடம்பில் கணக்குக்கு வரலாம் என்றும் சொன்னார்கள்.

பேருந்தில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இன்னும் பிறக்காத ஒன்று, அப்பாவின் கண்ணில் இருந்த புள்ளிகளோடு அதே வாரத்தில், அதே சீனி டப்பாவின் முன்னால் நின்றது. நடுவில் அம்மாவின் பிரஷர். நடுவில் நான். நானும் அன்று ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சரியாகத்தான் இருந்தது. கிளீட்டஸ் மாமாவைப் போல முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. இருபத்து நான்கு வயதில் சரியாக இருப்பதை அப்படியே காப்பாற்றுவதும் ஒரு வேலை என்று அன்றுதான் தோன்றியது.

அன்று மாலை மதினி சீனி டப்பாவைத் தூக்கி ஜிபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில், மாதாவுக்குக் காவலாக வைத்தாள்.

"கருவாட்ட என்ன செய்யப் போவுது, இவளுக்க ஆஸ்பத்திரி?" என்று அம்மா, பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொன்ன என்னைக் காட்டி மதினியிடம் கேட்டாள்.

"மூணு தண்ணியில கழுவச் சொல்லுவா."

"அப்புறம் அது கருவாடா? செத்த மீனு."

ஆனாலும் கழுவினாள். கருவாடு வைக்கும் நாட்களும் குறைந்தன.

எதைத் தொலைத்தாய்

எங்கள் கரையில் யாரும் சும்மா நடப்பதில்லை. வலையைத் தோளில் போட்டு நடப்பார்கள், மீன் கூடையோடு நடப்பார்கள், சண்டைக்கு நடப்பார்கள். அப்பா சாயங்காலம் வெறுங்கையோடு மணலில் நடக்கத் தொடங்கியதும் ஊர் கலங்கியது.

"சூசை, எதத் தொலச்ச?"

முதல் நாள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். மறுநாளும் கேட்டார்கள். அன்று நின்று, நிமிர்ந்து, பதில் சொன்னார்.

"கோபுரத்த."

அதற்குப் பிறகு கேலி செய்தவர்களே சிலர் கூட நடந்தார்கள். அவர்களில் பேரவைத் தலைவரும் ஒருவர். விரலில் குத்திப் பார்த்ததில் அவருக்கும் சர்க்கரை எல்லையில்தான் இருந்ததாம்.

அப்பா இன்னொன்றும் செய்தார். அலையைத் தாண்டும்வரை இஞ்சினைப் போட்டுப் போய்விட்டு, அதற்கப்புறம் கொஞ்ச தூரம் துடுப்பு. "மண்ணெண்ண மிச்சம்" என்று மாமாவிடம் சொன்னாராம். "எனக்கு எதுக்கு இந்தத் தண்டன, எனக்குச் சுகர் இல்லியே" என்று மாமா வீட்டில் வந்து புலம்பினார். புலம்பினாலும் அவரும் வலித்தார்.

சில வாரம் கழித்து மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். அன்று வள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லையாம். ஆனாலும் அப்பா, "தண்ணி கோரு" என்றாராம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டு முற்றத்தில் பெரிய பாறைமீன் கிடந்தது, வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

பெருநாளுக்கு மறுநாள்

கோயில் திருவிழாவான பெருநாள் முடிந்த மறுநாள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் வள்ளத்தில் ஏற்றி ஒரு சுற்றுக் கொண்டுவருவது எங்கள் ஊர் வழக்கம். மற்ற நாளில் நாங்கள் ஏறுவதில்லை. மதினி கைக்குழந்தையோடு கரையில் நின்றாள். நல்ல எடையோடு பிறந்த பெண் குழந்தை. பாலைத் தவிர வேறெதுவும் இன்னும் வாயில் படவில்லை. அம்மாவும் அவளோடு நின்றுகொண்டாள்.

நான் ஏறிக்கொண்டேன். கரை சின்னதானது. அப்பா இஞ்சினை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மற்ற இடங்களைப் போலவே பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர்தான்.

"கிளீட்டசு, தண்ணி கோரு."

"தண்ணியே இல்லியே அத்தான்."

"இருக்கும். நல்லாப் பாரு."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு குனிந்தார்.

அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்துக் கரையின் பக்கம் திருப்பினார். கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள்.

"தாடைய அசைக்காத" என்றார் காதருகில். "கண்ணச் சிமிட்டாத."

வள்ளம் மெதுவாக நகர்ந்தது. கோபுரம் நகர்ந்தது. அதற்குப் பின்னால், நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று, நகர்ந்து நகர்ந்து, கோபுரத்தின் குருசுக்கு மேலே வந்து நின்றது. அப்பா என் தாடையை அடுத்த பக்கம் திருப்பினார். அங்கேயும் இரண்டு, ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்தன. அந்த நொடியில் அவர் கயிற்றை என் கையில் கொடுத்துத் தூண்டிலை விட்டார். கயிறு ஓடி, ஓடி, கல்லில் தட்டி நின்றது. அந்தத் தட்டல் கயிறு வழியாக ஏறி வந்து என் உள்ளங்கையில் கேட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிமிட்டவில்லை.

"எனக்க கண்ணுக்குள்ள இருக்கியத நீ பாத்த" என்றார் அப்பா. "இது எனக்க கண்ணு பாக்கியது. எங்கயும் எழுதிராத."

ஆகவே எழுத முடியாது. இது அச்சாகும் இதழ் காலைப் பேருந்தில் இராஜாக்கமங்கலத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிளீட்டஸ் மாமா சாயாக்கடையில் உட்கார்ந்து, சீனியில்லாத சாயாவோடு, இந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவருக்காகக் கோபுரத்தை மட்டும் சொல்கிறேன். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சந்தன நிறம். கடலிலிருந்து நன்றாகத் தெரிகிறது.